எந்தப் பிரிவு, எந்த ஆசிரியர்? – வாசகர் கேள்வி பதில்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும் வரை, அடுத்த ஆண்டு பிள்ளை எந்த ஆசிரியரிடம் படிக்கப் போகிறது என்ற கேள்வி பல வீடுகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இம்முறை வந்த கடிதங்களில் பலவும் இதைப் பற்றியவையாக இருந்ததால், இந்தப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் பதிலளிக்கிறார்.

என் மகன் ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போகிறான். அவன் படிக்கும் தனியார் பள்ளியில் மூன்று பிரிவுகள் உள்ளன. 'ஏ' பிரிவு மிஸ் அன்பானவர், 'பி' பிரிவு மிஸ் மிகவும் கண்டிப்பானவர் என்று பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்கிறார்கள். சிலர் அலுவலகத்துக்கே போய் 'ஏ' பிரிவு வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். நானும் கேட்கலாமா? கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களா?
– ஒரு தாய், கோவை

தாராளமாகக் கேட்கலாம், அம்மா. பிள்ளையைப் பற்றிப் பள்ளியிடம் பேச வந்த தாயைத் தவறாக எடுத்துக்கொள்ளும் பள்ளி இருந்தால் கவலைப்பட வேண்டியது அந்தப் பள்ளியைப் பற்றித்தான். ஆனால் ஆசிரியையின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். உங்கள் மகனுக்கு என்ன தேவை என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

காரணம் எளியது. செப்டம்பரில் மகப்பேறு விடுப்பில் செல்லப் போகிறவர் யார், ஐந்தாம் வகுப்புக்கு மாற்றப்படப் போகிறவர் யார், மே மாதத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போகிறவர் யார் என்பதெல்லாம் தலைமையாசிரியருக்கு மட்டுமே தெரிந்தவை. சில நேரங்களில் அவருக்கும் கடைசி வாரம் வரை தெரியாது. நீங்கள் பெயர் சொல்லிக் கேட்கும் ஆசிரியை ஜூனில் அந்த வகுப்பறையில் இல்லாமல் போனால் உங்கள் கோரிக்கைக்குப் பொருளே இருக்காது. பிள்ளையின் தேவையை எழுதிக் கொடுத்திருந்தால், யார் வகுப்பாசிரியராக வந்தாலும் அந்தத் தாள் அவர் கைக்குப் போய்ச் சேரும்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்? 'நன்றாகப் படிப்பான், கொஞ்சம் விளையாட்டுப் புத்தி' என்பது போன்ற பொது வாக்கியங்கள் எந்த ஆசிரியருக்கும் உதவுவதில்லை. இப்படி எழுதுங்கள்: 'என் மகனுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வரும், கணக்கு வாக்கியங்களாக வந்தால் தொடாமலே வைத்துவிடுகிறான். யாராவது குரலை உயர்த்திப் பேசினால் அன்று மாலை வரை எழுதுவதில்லை. இரண்டாம் வகுப்பில் முதல் கணக்கை மட்டும் அவனோடு சேர்ந்து வாய்விட்டு வாசித்துவிட்டு மிஸ் நகர்ந்துவிடுவார். மற்றவற்றை அவனே போட்டுவிடுவான்.' நான்கைந்து வரிகள் போதும். ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் பல பள்ளிகளில் மே மாதத்திலேயே பட்டியல் உருவாகிவிடுகிறது. தொலைபேசியில் சொன்னது மறந்துபோகும். எழுதிக் கொடுத்தது கோப்பில் இருக்கும்.

பெற்றோர் எதை வைத்து ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் பிரையன் ஜேக்கப், லார்ஸ் லெஃப்கிரென் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் பள்ளிகளில் வந்த கோரிக்கைகளைக் கொண்டே ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால், பிள்ளைகளை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்வார் என்று தலைமையாசிரியர்கள் மதிப்பிட்ட ஆசிரியர்களையே பெற்றோர் அதிகம் கேட்டார்கள். வறுமை மிகுந்த பகுதிப் பள்ளிகளில் மட்டும், மதிப்பெண்ணை உயர்த்தக்கூடிய ஆசிரியர்களைக் கேட்டார்கள். இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். தம் பிள்ளைக்கு எது குறைவாகக் கிடைக்கிறது என்று பெற்றோர் நினைக்கிறார்களோ அதையே கேட்கிறார்கள். ஆகவே உங்கள் மகனுக்கு உண்மையில் குறைவது எது என்பதை வாட்ஸ்அப் குழுவை மூடிவைத்துவிட்டு ஒரு மாலை யோசித்துப் பாருங்கள்.

'கண்டிப்பான மிஸ்' என்ற பேச்சையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். சென்ற ஆண்டு அவரிடம் படித்த பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். தவறான விடையைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு விட்டிருக்கிறாரா, எந்தப் படியில் தவறு நேர்ந்தது என்று காட்டியிருக்கிறாரா, அதே கணக்கை அடுத்த பக்கத்தில் பிள்ளை மீண்டும் போட்டிருக்கிறதா, அதையும் அவர் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். பிள்ளையின் ஒவ்வொரு படியையும் பார்த்துத் திருத்தும் கண்டிப்பான ஆசிரியை, பல அன்பான வகுப்பறைகளைவிட உங்கள் மகனுக்கு அதிகம் செய்வார். அதட்டல் மட்டுமே கண்டிப்பு என்றால் அது நோட்டிலேயே தெரிந்துவிடும்.

நான் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. ஒவ்வொரு மே மாதமும் தாளாளரின் உறவினர், உள்ளூர்ப் பிரமுகர், பழைய மாணவர் என்று பலரிடமிருந்து 'இந்தப் பிள்ளையை இந்த டீச்சரிடம் போடுங்கள்' என்று அழைப்புகள் வருகின்றன. மறுத்தால் மனத்தாங்கல், ஒப்புக்கொண்டால் ஒரே பிரிவில் வசதியானவர் வீட்டுப் பிள்ளைகள் குவிந்துவிடுகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
– ஒரு தலைமையாசிரியை, விழுப்புரம் மாவட்டம்

நீங்கள் தனியாக நின்று மறுக்கும் வரை இது தீராது. மறுக்க வேண்டிய இடத்தில் உங்களுக்குப் பதிலாக ஒரு நடைமுறை நிற்க வேண்டும்.

நான் பணியாற்றிய பள்ளியில் பின்பற்றிய முறையைச் சொல்கிறேன். ஏப்ரலில் ஒவ்வொரு வகுப்பாசிரியரும் தம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அஞ்சலட்டை அளவில் ஒரு அட்டை எழுதுவார். வாசிப்பு எந்த நிலை, கணக்கு எந்த நிலை, காது, கண் போன்றவற்றில் ஏதும் குறை உண்டா, வீட்டில் படிக்க உதவ ஆள் உண்டா, யாருடன் உட்கார்ந்தால் வேலை நடக்கும், யாருடன் உட்கார்ந்தால் நடக்காது, அவ்வளவுதான். தேர்வு முடிந்த பிறகு அந்த வகுப்பின் ஆசிரியர்கள் எல்லாரும் ஒரு நீண்ட மேசையில் அட்டைகளைப் பரப்பி, பிரிவுகளாக அடுக்குவார்கள். ஆண், பெண் எண்ணிக்கை, நன்றாக வாசிப்பவர்கள், வாசிக்கத் தடுமாறுபவர்கள், கூடுதல் கவனம் தேவைப்படுபவர்கள் எல்லாம் ஒவ்வொரு அடுக்கிலும் ஏறத்தாழ ஒரே அளவில் வரும் வரை அட்டைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். முக்கியமான செய்தி இதுதான்: அடுக்குகள் முடிவாகும் வரை எந்த அடுக்கு எந்த ஆசிரியருக்கு என்று யாருக்கும் தெரியாது. அடுக்கிய பிறகே ஆசிரியர்களின் பெயர் சேரும். தமக்கு எந்தப் பிரிவு வரும் என்று தெரியாதபோது, சிரமமான பிள்ளைகளை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடும் ஆசை எந்த ஆசிரியருக்கும் வருவதில்லை.

பெற்றோருக்கான அறிவிப்பை மார்ச் மாதக் கூட்டத்திலேயே படித்துவிடுங்கள். பிள்ளையின் தேவை பற்றிய குறிப்புகளை இன்ன தேதிக்குள் எழுத்தில் தரலாம். ஆசிரியரின் பெயர் குறிப்பிட்ட கோரிக்கைகள் பரிசீலிக்கப்பட மாட்டா. பட்டியல் இன்ன நாளில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒட்டப்படும். பள்ளி திறந்து ஒரு மாதத்துக்கு மாற்றம் இல்லை. தாளாளரிடமும் இதில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிரமுகரிடமிருந்து வரும் சிபாரிசுக் கடிதத்தையும் மற்ற கடிதங்கள் இருக்கும் அதே கோப்பில், வந்த தேதி எழுதிச் சேர்த்துவிடுங்கள். அவர் கேட்டால் மரியாதையாகச் சொல்லலாம்: 'ஐயா, உங்கள் கடிதம் கோப்பில் இருக்கிறது, அட்டைகளை ஆசிரியர்கள்தான் அடுக்குகிறார்கள்.'

செல்வாக்கு இல்லாத வீட்டுப் பிள்ளைகளை நினைத்துத்தான் இவ்வளவும் வற்புறுத்துகிறேன். கேட்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கேட்டது கிடைத்துவிட்டால், மிச்சமிருக்கும் இடங்களில் கேட்கத் தெரியாதவர்களின் பிள்ளைகள் நிரப்பப்படுவார்கள். காலை ஆறு மணிக்கே வேலைக்குப் புறப்படும் தாய்க்கு இப்படி ஒரு கோரிக்கை வைக்கலாம் என்பதே தெரிந்திருக்காது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளை மற்றவர்களிடமிருந்து பிரித்துத் தனியே உட்கார வைக்கக் கூடாது என்று அச்சட்டத்துக்கான 2010ஆம் ஆண்டு மத்திய விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. யாரும் திட்டமிடாமலே, சிபாரிசுகளின் விளைவாக அந்தப் பிரிப்பு நடந்துவிட விடாதீர்கள்.

என் மகன் ஏழாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து 'ஏ' முதல் 'டி' வரை பிரித்திருக்கிறார்கள். அவன் 'டி' பிரிவில். 'ஏ' பிரிவுக்கு மூத்த ஆசிரியர்கள், எங்களுக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள். 'மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் நல்லது' என்கிறது பள்ளி. உண்மையா?
– ஒரு தந்தை, நாமக்கல்

உங்கள் பள்ளியில் நடப்பது உண்மையில் நல்லது அல்ல. ஆனால் பள்ளி சொல்வதற்கு ஓர் அடிப்படை உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நாளை உங்களிடம் அதைத்தான் வாதமாக வைப்பார்கள்.

கென்யாவில் 2005இல் தொடங்கி 121 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. எஸ்தர் டஃப்லோ, பாஸ்கலின் டூபாஸ், மைக்கேல் கிரெமர் ஆகியோர் அதை நடத்தினார்கள். சுமார் பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைக் கற்றல் நிலை பார்த்து இரண்டு பிரிவாக்கினார்கள். மற்றவற்றில் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். நிலை பார்த்துப் பிரித்த பள்ளிகளில் மேல் பிரிவினர், கீழ்ப் பிரிவினர் இருவருமே கூடுதலாகக் கற்றார்கள். கீழ்ப் பிரிவின் ஆசிரியர் அந்தப் பிள்ளைகளின் நிலையிலிருந்து தொடங்க முடிந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதே ஆய்வின் இன்னொரு அம்சத்தை உங்கள் பள்ளி மறந்துவிட்டது: அங்கே எந்த ஆசிரியர் எந்தப் பிரிவுக்கு என்பதும் குலுக்கலில்தான் முடிவானது. மேல் பிரிவுக்கு மூத்தவர், கீழ்ப் பிரிவுக்கு மிஞ்சியவர் என்ற ஏற்பாடு அங்கே இல்லை.

உங்கள் மகனின் பள்ளியில் அந்த ஏற்பாடு இருக்கிறது. அதோடு, நான்கு பிரிவுகளும் ஒரே பாடப் புத்தகத்தை ஒரே வேகத்தில் முடித்து ஒரே வினாத்தாளை எழுதுகின்றன என்று ஊகிக்கிறேன். அப்படியானால் பிள்ளைகள் பிரிக்கப்பட்டார்கள், கற்பித்தல் மாறவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் வகுப்பறைக் கதவில் உள்ள எழுத்தைப் பார்த்தே தன்னைப் பற்றிப் பள்ளியின் தீர்ப்பைத் தெரிந்துகொள்கிறான். அந்த எழுத்தோடு அவன் பத்தாம் வகுப்பு வரை போக நேரலாம் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

நிலை பார்த்துக் கற்பிப்பதற்குப் பிரிவுகளை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே வகுப்பறைக்குள் பிள்ளைகளைக் குழுவாக்கினார்கள். கணக்கில் மலரில் இருக்கும் பிள்ளை தமிழில் மொட்டில் இருக்கலாம். முன்னேறினால் குழு மாறும். கதவின் எழுத்து அப்படி மாறுவதில்லை.

தனியாகப் போகாமல், அதே பிரிவின் இன்னும் சில பெற்றோரோடு சேர்ந்து தலைமையாசிரியரைப் பாருங்கள். மூன்று கேள்விகளை எழுதிக் கொண்டுபோங்கள்: 'டி' பிரிவுக்குக் கணக்கும் ஆங்கிலமும் எடுப்பவர்களின் அனுபவம் எவ்வளவு? காலாண்டுத் தேர்வுக்குப் பின் பிரிவு மாற வழி உண்டா? இந்தப் பிரிவுக்கென்று வேறாகச் செய்யப்படுவது என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், முதல் கோரிக்கையாகக் கணக்கு ஆசிரியரை 'ஏ' பிரிவோடு மாற்றிப் பகிர்ந்துகொள்ளச் சொல்லிக் கேளுங்கள். பள்ளி எளிதில் மறுக்க முடியாத கோரிக்கை அது.

ஆண்டுதோறும் பிரிவுகளைக் கலைத்துப் போடுகிறார்கள். என் மகளின் ஒரே தோழி வேறு பிரிவுக்குப் போய்விட்டாள். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.
– ஒரு தாய், மதுரை

கலைத்துப் போடுவதை நான் எதிர்க்கவில்லை. ஒரே கூட்டமாக ஆண்டுக்கணக்கில் இருந்தால் வகுப்பின் கெட்டிக்காரி, வகுப்பின் அழுகுணி என்ற பட்டங்கள் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத பிரிவில் எந்தப் பிள்ளையையும் போடக் கூடாது. புதிய பிரிவில் உங்கள் மகளோடு பழகக்கூடிய பிள்ளை யார் என்று பழைய வகுப்பாசிரியையிடம் கேளுங்கள்; அவருக்கு நிச்சயம் தெரியும். பள்ளி திறக்குமுன் அந்தப் பிள்ளையை ஒருநாள் வீட்டுக்கு அழையுங்கள். பழைய தோழியோடு மதிய உணவு இடைவேளையும் மாலை நேரமும் இருக்கவே இருக்கின்றன. பட்டினி ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், தோழியைத் தவிர வேறு காரணமும் உண்டா என்று பக்குவமாக விசாரியுங்கள்.

எங்கள் கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளையும் அவர்களே பார்க்கிறார்கள். பிரிவு, ஆசிரியர் தேர்வு என்பதெல்லாம் எங்களுக்கு உண்டா?
– ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்

தேர்ந்தெடுக்க இருவர்தான் இருக்கும்போது தேர்வுக்கு இடமில்லை, பேச்சுக்கு இடமிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். ஆகவே உங்கள் ஊரில் பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள் என்பதே ஆசிரியர் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1ஆம் தேதி வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையைக் கொண்டே பணியிட நிர்ணயம் நடக்கும். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் உபரி எனக் கணக்கிடப்பட்டுப் பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விட நேரும். சேர்க்கையை ஜூனிலேயே முடித்துவிடுவது உங்கள் ஊரின் கையில் இருக்கும் வலுவான கருவி.

இரண்டு ஆசிரியர்கள் வகுப்புகளை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 21ஆம் பிரிவு. முதல் மூன்று வகுப்புகளை ஒருவரும் மேல் இரண்டை மற்றவரும் எடுப்பது வழக்கம். இருவரில் சிறு பிள்ளைகளுக்கு எழுத்து கற்பிப்பதில் கைதேர்ந்தவர் யாரோ அவர் கீழ் வகுப்புகளில் இருக்கட்டும் என்று கேட்பது நியாயமானது. அங்கே விடுபட்ட வாசிப்பை ஐந்தாம் வகுப்பில் மீட்பது மிகவும் கடினம்.

சென்ற ஆண்டு என் மகளை அடித்த ஆசிரியரே இந்த ஆண்டும் வகுப்பாசிரியர் என்று தெரிகிறது. பிரிவை மாற்றிக் கேட்டால் போதுமா?
– ஒரு தாய், சென்னை

போதாது. முந்தைய பதில்களில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம் என்றேன்; இங்கே பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறுபவர் மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கவும் வழி செய்கிறது. நடந்ததைத் தேதி, இடம், உடனிருந்தவர்கள் என்று எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். அசைவு இல்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலோ, குழந்தைகள் உதவி எண் 1098இலோ தெரிவியுங்கள். உங்கள் மகளை மட்டும் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டால், அவள் உட்கார்ந்த இடத்தில் வேறொரு பிள்ளை உட்காரும்.

கற்றல் குறைபாடு உள்ள என் பேரனுக்கு இரண்டாம் வகுப்பில் அருமையான ஆசிரியை அமைந்தார். மூன்றாம் வகுப்புக்கும் அவரையே தரும்படி கேட்பது பேராசையா?
– ஒரு பாட்டி, தஞ்சாவூர்

பேராசையே அல்ல, அம்மா. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பள்ளிகளின் பதிவுகளை ஆராய்ந்து ஆண்ட்ரூ ஹில், டேனியல் ஜோன்ஸ் ஆகியோர் 2018இல் வெளியிட்ட முடிவு உங்கள் பக்கம் நிற்கிறது: இரண்டாவது ஆண்டும் அதே ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிறிதாயினும் உறுதியான முன்னேற்றம் தெரிந்தது. கற்றல் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து தக்க கற்பித்தல் முறைகளை மேற்கொள்வது கல்வி நிறுவனங்களின் கடமை என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 16ஆம் பிரிவும் கூறுகிறது. மருத்துவச் சான்றையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த ஆசிரியை மூன்றாம் வகுப்புக்கு வர இயலாவிட்டால், அவரும் புதிய ஆசிரியையும் பள்ளி திறக்குமுன் அரை மணி நேரம் சேர்ந்து உட்காரவாவது ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பேரன் எந்த எழுத்துகளைத் தலைகீழாக்குகிறான், கரும்பலகையைப் பார்த்து எழுத எவ்வளவு நேரம் ஆகிறது, எப்போது சோர்ந்துபோகிறான் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பட்டியலைப் பார்த்து நிம்மதியடைந்தோம். ஆனால் மாறுதல் கலந்தாய்வில் வகுப்பாசிரியர் வேறு ஊருக்குப் போய்விடுவார் என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

அவர் போவதைத் தடுக்க முயல வேண்டாம். தம் குடும்பம் இருக்கும் ஊருக்குப் போக அவர் பல ஆண்டுகள் காத்திருந்திருக்கலாம். புதியவர் வரும் வரை வகுப்பை யார் பார்ப்பார் என்பதை மட்டும் தலைமையாசிரியரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்து வகுப்போடு சேர்த்து உட்கார வைப்பது சில நாள்களுக்கு மேல் நீண்டால் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதலாம். போகிறவர் கிளம்புமுன் பிள்ளைகளைப் பற்றிய குறிப்புகளைத் தலைமையாசிரியரிடம் விட்டுச் செல்லும்படி கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மனமுவந்து செய்வார்கள். புதியவர் வந்த வாரத்திலேயே போய்ப் பாருங்கள், குறைகளைச் சொல்ல அல்ல, உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்ல. பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் குறித்துப் பெற்றோரைச் சந்தித்துத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமைகளில் ஒன்று என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே அந்தச் சந்திப்பை நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.